முதல் மாலை யாருக்கு? அரசு விழாவைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பணப்பையில் மொரீசியஸ் ரூபாய் நோட்டுகள் இருந்தால் எடுத்து மேசைமேல் வரிசையாக வையுங்கள். இருபத்தைந்தில் சீன வம்சத்தவரான ஆ-சுவென். ஐம்பதில் மொரிஸ் பத்துரோ. நூறில் நம் ரங்கநாதன் சீனிவாசன். இருநூறில் அப்துல் ரசாக் முகமது, ஐந்நூறில் சுக்தேவ் பிசுந்தயால், ஆயிரத்தில் கயத்தான் துவால், இரண்டாயிரத்தில் சிவசாகர் ராம்கூலம். எந்தச் சமூகத்துப் பூவும் விடுபட்டுவிடக் கூடாதே என்ற பயத்தோடு கோத்த மாலை இது. ஊர்வலம் ஒன்றை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிகிறோம்.

இனி எழுத்துகளைப் பாருங்கள். ஆங்கிலம், அடுத்துத் தமிழ், அடுத்து இந்தி. 1998 நவம்பரில் புதிய நோட்டுகள் வெளிவந்தபோது இந்த வரிசை மாறி, தமிழ் இந்திக்குக் கீழே போயிருந்தது. தீவு முழுவதும் தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பழைய வரிசையில் மறுபடி அச்சிட்டார்கள். ஒரு வரி மேலே, ஒரு வரி கீழே, அவ்வளவுதான் சண்டை. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். பரிவட்டம் யாருக்கு முதலில் என்பதற்காக நீதிமன்றப் படியேறிய குடும்பங்களின் கொள்ளுப்பேரர்கள் நாம். நமக்குச் சிரிப்பு வராது.

ரோஸ்ஹில் பக்கம் மாலை நேரத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். மார்ச் 12 தேசிய தின விழாவைப் பார்த்து ஒரு பக்கம் எழுதி வரும்படி முதன்முதலில் சொன்ன ஆண்டில், பதினேழு பிள்ளைகளும் 'விழா மிகச் சிறப்பாக நடைபெற்றது' என்றே எழுதி வந்தார்கள். தவறு அவர்களுடையது அல்ல, எப்படிப் பார்ப்பது என்று நான்தான் சொல்லித் தரவில்லை. அதன் பிறகு எழுதி வைத்து, ஆண்டுதோறும் அடித்துத் திருத்திய குறிப்புகள் இவை. கோவில் திருவிழாவைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அரசு விழாவைப் படிக்கப் பாதி இலக்கணம் ஏற்கெனவே தெரியும் என்பதே என் கட்சி. மீதிப் பாதியை இங்கே பார்க்கலாம்.

முதல் படி: போகும் முன் இடத்தின் ஜாதகத்தைப் பாருங்கள்

திருவிழாவுக்குப் போகுமுன் தலபுராணம் கேட்பது போலத்தான் இது. எந்த மைதானமும் வெறும் மைதானமாக இருப்பதில்லை. போர்ட் லூயியில் உள்ள ஷான் த மார்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரே போர்க்கடவுளின் வயல் என்று பொருள்படும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் சிப்பாய்கள் பயிற்சி செய்த திடல் அது. 1810இல் தீவைப் பிடித்த ஆங்கிலேயர், 1812இல் அங்கே குதிரைப் பந்தயம் தொடங்கினார்கள். தோற்ற பிரெஞ்சுக் குடும்பங்களையும் வென்ற ஆங்கில அதிகாரிகளையும் ஒரே வேலியின் ஓரத்தில் நிற்க வைக்கத்தான் அந்த ஏற்பாடு. பந்தயம் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேர் தாங்கள் இருநூறு ஆண்டுப் பழைய சமரசச் சடங்கு ஒன்றில் நிற்பதாக நினைத்திருப்பார்கள்!

திடலின் ஒரு கோடியில் பிரெஞ்சு ஆளுநர் மலார்த்திக்கின் கல்லறைத் தூண். நடுவே ஆங்கில மன்னர் ஏழாம் எட்வர்டின் சிலை. இந்த இரண்டு பேரையும் சாட்சி வைத்துக்கொண்டு 1968 மார்ச் 12 அன்று நண்பகலில் பிரிட்டிஷ் கொடி இறங்கி, சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்ற நான்கு பட்டைக் கொடி ஏறியது. அவர்களை அகற்றாமல் அவர்கள் கண்ணெதிரே கொடி ஏற்றியது எனக்குப் பிடித்த விஷயம்.

பெயரைக் கொடுத்த பாரிஸ் திடலின் கதை இன்னும் சுவையானது. பாஸ்டீல் சிறை வீழ்ந்து ஓராண்டு நிறைந்த 1790 ஜூலை 14 அன்று கூட்டமைப்பு விழா அங்கே நடந்தது. விழாவுக்கு முந்தைய நாள்களில் சீமாட்டிகளும் கூலிகளும் ஒன்றாகத் தள்ளுவண்டியில் மண் சுமந்து மேடு கட்டினார்கள். அன்று மழை கொட்டியது. மழையில் நனைந்த கூட்டத்தின் முன்னால் பதினாறாம் லூயி அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுத்தார். ஓராண்டு கழித்து, 1791 ஜூலை 17 அன்று, அதே திடலில் மன்னருக்கு எதிராக மனுவில் கையெழுத்திடக் கூடிய மக்கள்மீது தேசியக் காவற்படை சுட்டது. 1794 ஜூனில் அதே இடத்தில் செயற்கை மலை ஒன்றை எழுப்பி, பரம்பொருளுக்கு விழா எடுத்தார் ரொபெஸ்பியர். இரண்டு மாதம் முடிவதற்குள் அவர் தலையும் போயிற்று. ஒரே திடல், நான்கே ஆண்டுகள், மூன்று சடங்குகள். மண் எதையும் மறப்பதில்லை என்று பாட்டிமார் சொல்வார்கள். அரசுகள் அந்த மண்ணைத் தேடித்தான் போகின்றன.

செய்ய வேண்டியது: விழா நடக்கும் இடத்தில் அதற்கு முன் என்னென்ன நடந்தன என்று ஐந்து வரி எழுதிக்கொண்டு போங்கள். அங்கே போய்த் தேடினால் ஒலிபெருக்கி விடாது.

இரண்டாம் படி: நாளையும் நாழிகையையும் விசாரியுங்கள்

முகூர்த்தம் பார்ப்பது நம்மிடம் மட்டும் உள்ள வழக்கம் என்று எண்ண வேண்டாம். பர்மா 1948 ஜனவரி 4 அன்று அதிகாலை 4.20க்கு விடுதலை பெற்றது. நேரத்தைக் குறித்தவர்கள் சோதிடர்கள். ஆகஸ்ட் 15 நல்ல நாள் இல்லை என்று சோதிடர்கள் முகம் சுளித்தார்கள். இந்தியாவின் நள்ளிரவுக் கூட்டம் அவர்களுக்கும் நாட்காட்டிக்கும் இடையே ஏற்பட்ட சமாதானம் என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது. கானாவும் 1957 மார்ச் 6 பிறந்த நள்ளிரவையே தேர்ந்தெடுத்தது. நாமோ உச்சி வெயிலில் கொடி ஏற்றினோம்.

மார்ச் 12 என்ற தேதிக்கும் ஒரு கதை உண்டு. காந்தி 1930இல் தண்டிக்கு நடக்கத் தொடங்கிய நாள் அது. அதன் நினைவாகவே மொரீசியஸ் அந்த நாளைத் தேர்ந்தது என்று இந்திய அரசின் வெளியீடுகள் தவறாமல் எழுதும். இத்தகைய காரணத்தைக் கேட்டவுடன், 'இதை யார் அடிக்கடி சொல்கிறார்கள்?' என்றும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 1992இல் குடியரசானபோதும் அதே மார்ச் 12ஐத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒரே இலையில் இரண்டு விருந்து.

நாளைத் தட்டிப் பறிக்கும் கலைக்குத் தென்னாப்பிரிக்காவை விடச் சிறந்த பாடம் கிடையாது. டிசம்பர் 16, 1838: இரத்த ஆற்றுப் போரில் ஜூலுப் படையை, டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளான போயர்கள் முறியடித்தார்கள். கடவுளுக்குக் கொடுத்த வாக்கின் நாளாக அதைக் கொண்டாடினார்கள். 1938இல் நூற்றாண்டுக்காக மாட்டுவண்டிகள் நாடு முழுவதும் ஊர் ஊராகப் போயின. போன இடமெல்லாம் ஆப்பிரிக்கானர் தேசியம் முளைத்தது. பிரிட்டோரியாவில் கட்டிய நினைவு மண்டபத்தில், ஒவ்வொரு டிசம்பர் 16 நண்பகலிலும் கூரைத் துளை வழியாகச் சூரியக் கதிர் கீழே உள்ள கல்மீது விழும். நம் ஊர்க் கோவில்களில் குறித்த நாளில் கருவறைக்குள் வெயில் நுழையுமே, அதே உத்திதான். கட்டியவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

இனி மறுபக்கம். 1961இல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் ஆயுதப் பிரிவு தன் முதல் குண்டுகளை வெடித்த நாள் எது? டிசம்பர் 16. விடுதலைக்குப் பின் 1995 முதல் அதே நாள் நல்லிணக்க நாள். விடுமுறையை நீக்கவில்லை, பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினார்கள். வென்றவர்கள் தோற்றவர்களின் நாளை ஒழித்துக்கட்டாமல் அதிலேயே குடியேறுவது எத்தகைய சாதுரியம் என்பதை அந்த நாட்காட்டியில் படிக்கலாம்.

மூன்றாம் படி: மரியாதை வரிசையை எழுதுங்கள்

இதுதான் உயிர்நாடி. மற்ற படிகளைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

கோவிலில் தீபாராதனை முடிந்ததும் உங்கள் கண் எங்கே போகிறது? பூசாரி யார் பக்கம் தட்டைத் திருப்புகிறார் என்றுதானே? சங்கத் தலைவர் முதலில் வாங்குகிறாரா, கொடை கொடுத்த கடைக்காரரா, வந்திருக்கும் மந்திரியா? காவடித் திருநாளில் பால்குடம் தூக்கியவர் வெயிலில் நிற்க, மந்திரிக்கு நாற்காலி வரும். அவர் மைக்கைப் பிடித்தால் அலகு குத்தியவர் பாடு திண்டாட்டம். அதைப் பார்த்து முணுமுணுக்கும் அதே கண்ணை அரசு விழாவுக்கும் எடுத்துச் செல்லுங்கள்.

ஒரு தாளை நான்காக மடியுங்கள். முதல் கட்டத்தில், யார் எந்த வரிசையில் வந்து இறங்குகிறார்கள். அரசு நெறிமுறையில் பெரியவர் கடைசியில் வருவார். காத்திருக்க வைப்பதுதான் மரியாதை. இரண்டாவதில், யார் எங்கே உட்காருகிறார்கள், நிழல் யாருக்கு. மூன்றாவதில், யார் நடக்கிறார்கள், எதை ஏந்தி நடக்கிறார்கள். நான்காவதில், எந்த மொழி எப்போது வருகிறது.

மூன்றாம் கட்டத்துக்கு ஒரு குறிப்பு. மொரீசியசுக்கு இராணுவம் கிடையாது. அணிவகுப்பில் மிடுக்காக நடப்பது காவல்துறையும் அதன் சிறப்பு நடமாடும் படையும்தான். இராணுவமே இல்லாத நாடு எதைக் காட்டி வலிமை சொல்கிறது என்று கவனியுங்கள். சிறப்பு விருந்தினர் யார் என்பதையும் குறியுங்கள்: 2015லும் 2025லும் இந்தியப் பிரதமர் வந்து உட்கார்ந்தார். விருந்தாளி வரிசை ஒரு வெளியுறவுக் கொள்கை அறிக்கை, படிப்பதற்கு எளிதானதும்கூட.

நான்காம் கட்டம் நம்மைப் பற்றியது. தேசிய கீதம் ஆங்கிலத்தில். நாடாளுமன்றத்தின் அலுவல் மொழியாக ஆங்கிலத்தை வைத்த அரசியலமைப்பு, அவைத் தலைவரை நோக்கிப் பிரெஞ்சிலும் பேச இடம் கொடுத்தது. ஆனால் கூட்டம் தங்களுக்குள் பேசுவது, சிரிப்பது, குழந்தையை அதட்டுவது எல்லாம் பிரெஞ்சிலிருந்து பிறந்த பேச்சுமொழியான கிரியோலில். மேடையிலிருந்து கிரியோல் எந்த நொடியில் இறங்கி வருகிறது என்று பாருங்கள். கைதட்டல் அங்கேதான் நிஜமாக இருக்கும்.

வரிசையைப் படிப்பதைத் தொழிலாகவே செய்தவர்கள் இருந்தார்கள். சோவியத் காலத்தில் செஞ்சதுக்கத்தில் லெனின் கல்லறை மாடத்தின்மேல் தலைவர்கள் வரிசையாக நிற்பார்கள். யார் யாருக்குப் பக்கத்தில், யார் இரண்டடி தள்ளி, யார் காணவில்லை என்று வெளிநாட்டுத் தூதரகங்கள் புகைப்படத்தை வைத்துக்கொண்டு ஆராய்ந்தன. அறிக்கைகள் பொய் சொல்லும் நாட்டில் நிற்கும் இடம் உண்மை சொல்லும் என்ற நம்பிக்கை. நம் கிராமத்துப் பெரியவர்கள் அந்த வேலையைச் சம்பளம் இல்லாமலே செய்திருப்பார்கள்.

இன்னொன்று: மாலை மாறாமல் பட்டம் மட்டும் மாறுவதும் உண்டு. 1992 மார்ச் 12 அன்று மொரீசியசின் கடைசி மகா ஆளுநரும் முதல் குடியரசுத் தலைவரும் ஒரே ஆள்: வீராசாமி ரிங்காடு. அரசியின் பிரதிநிதி மறைந்தார், குடியரசின் தலைவர் தோன்றினார், முகம் ஒன்றே. அலுங்காமல் குலுங்காமல் மாறினோம் என்று சொல்ல இதைவிடத் தெளிவான வழி இருக்க முடியாது.

நான்காம் படி: திரைக்குப் பின்னால்

அலங்காரத்தின்போது சந்நிதியில் திரை போடுவார்கள். பார்க்க விடாததால்தான் பக்தி கூடுகிறது. 1953 ஜூன் 2 அன்று இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. எண்ணெய் பூசும் கட்டம் வந்ததும் கேமரா விலகிக்கொண்டது. 2023 மே 6 அன்று மூன்றாம் சார்லசுக்கு அதே கட்டத்தில் உண்மையிலேயே திரை நிறுத்தி மறைத்தார்கள். எந்தப் பகுதியை மறைக்கிறார்களோ அதைத்தான் புனிதம் என்று அந்த அமைப்பு நம்புகிறது.

வராதவர்களும் திரைக்குப் பின்னால் இருப்பவர்கள்தான். 1967 தேர்தலில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர் விடுதலைக் கட்சிக் கூட்டணிக்கு எதிராக வாக்களித்திருந்தார்கள். 1968 ஜனவரியில் போர்ட் லூயியில் கலவரம் மூண்டது. பிரிட்டிஷ் துருப்புகள் வந்திறங்கின. அரசியின் சார்பில் வரவிருந்த இளவரசி அலெக்சாண்ட்ராவின் பயணம் ரத்தானது. அந்த நண்பகலின் புகைப்படங்களில் கொடி தெரியும், கூட்டம் தெரியும். வராமல் போனவர்களின் நாற்காலி தெரியாது. அதை நீங்கள்தான் வரைய வேண்டும்.

ஐந்தாம் படி: சறுக்கலுக்குக் காத்திருங்கள்

1911 டிசம்பர் 12, தில்லி தர்பார். ஐந்தாம் ஜார்ஜின் முன் சமஸ்தான மன்னர்கள் ஒவ்வொருவராக வந்து வணங்கி, முதுகு காட்டாமல் பின்னோக்கி நடந்து செல்ல வேண்டும். பரோடா கெய்க்வாட் மூன்றாம் சாயாஜிராவ் ஒப்புக்குத் தலையசைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். சில அடி தூரம்தான். பிரிட்டிஷ் பத்திரிகைகள் வாரக்கணக்கில் கொதித்தன. தர்பாரில் கொட்டிய தங்கத்தை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை, அந்த முதுகு மட்டும் நிலைத்துவிட்டது.

2013 டிசம்பர் 10 அன்று ஜோகன்னஸ்பர்க் அரங்கில் மண்டேலாவுக்கு நினைவுக் கூட்டம். மழை. உலகத் தலைவர்கள் பேசப் பேச, அவர்கள் பக்கத்தில் நின்று சைகை மொழிபெயர்த்தவர் காட்டியது எதுவும் மொழியே அல்ல என்று காது கேளாதோர் அமைப்புகள் அம்பலப்படுத்தின. அதே கூட்டத்தில் பதவியில் இருந்த குடியரசுத் தலைவர் ஜேக்கப் சூமாவைக் கண்டதும் அரங்கு ஊளையிட்டது. துக்க வீட்டில் யாரும் ஊளையிட மாட்டார்கள் என்று நம்பி நிகழ்ச்சி நிரல் தயாரித்தவர்களுக்குத் துக்க வீட்டைத் தெரியவில்லை. ஒப்பாரிக்கு நடுவே பங்காளிச் சண்டை வெடிப்பதை நாம் பார்த்ததில்லையா?

ஆறாம் படி: எதிர்ச் சடங்கையும் அதே அளவுகோலால் அளங்கள்

சடங்கு அரசின் ஏகபோகம் அல்ல. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதியின் முன்னால் ஒரு பெரிய இரும்புக் கொப்பரை வைக்கப்பட்டது. இந்தியர்கள் தங்கள் பதிவுச் சான்றிதழ்களை அதில் போட்டு எரித்தார்கள், இரண்டாயிரத்துக்கும் மேல். யாகத் தீயும் போகிப் பண்டிகையும் தெரிந்த கூட்டத்துக்கு அதை விளக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியில் சிறை சென்று திரும்பி, 1914 பிப்ரவரி 22 அன்று உயிர்விட்ட பதினாறு வயது வள்ளியம்மையின் கல்லறை இன்றும் அந்த நகரில் மாலை பெறுகிறது.

கூட்டங்கள் தடைசெய்யப்பட்ட ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவின் இறுதி ஊர்வலங்களே மாநாடுகள் ஆயின. கொல்லப்பட்ட போராளிகள் நால்வருக்கு 1985 ஜூலை 20 அன்று கிராடாக் நகரில் நடந்த அடக்கத்தில், தடைசெய்யப்பட்ட கம்யூனிஸ்டுக் கட்சியின் செங்கொடி பகிரங்கமாக விரிந்தது. அதே நாளில் நெருக்கடி நிலை அறிவிப்பு வந்தது.

மௌனத்தை மறந்துவிட்டேனே. உலகம் இன்று கடைப்பிடிக்கும் இரண்டு நிமிட மௌனத்தின் வேர் கேப் டவுனில் இருக்கிறது. 1918 மே மாதம் முதல் நண்பகல் பீரங்கி முழங்கியதும் தெருவில் அனைவரும் அசையாமல் நின்றார்கள். அங்கிருந்த பெர்சி ஃபிட்ஸ்பாட்ரிக் அதை லண்டனுக்கு எழுத, 1919 நவம்பர் 11 அன்று பேரரசு முழுவதும் நின்றது. பேச்சே இல்லாத சடங்குக்கு மொழிச் சண்டை கிடையாது. அதனால்தான் இவ்வளவு தூரம் பரவியதோ என்னவோ.

ஏழாம் படி: விழா முடிந்த பின் யார் என்ன சொல்கிறார்கள்

1947 ஆகஸ்ட் 14 மாலை, திருவாவடுதுறை ஆதீனத்தினர் சென்னையில் செய்வித்த செங்கோல் ஒன்றை நேருவிடம் கொடுத்தார்கள். உடன் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரம். பிறகு அந்தச் செங்கோல் அலகாபாத் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் யாரும் கவனிக்காமல் கிடந்தது. 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் அவைத் தலைவர் இருக்கைக்கு அருகே நிறுவினார்கள்; ஆட்சிமாற்றத்தின் அடையாளமே இதுதான் என்றது அரசு, மவுண்ட்பேட்டன் கையால் அது வந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள் வரலாற்றாசிரியர்கள். 1947இல் நடந்தது மாறவில்லை. அதைச் சொல்பவர்கள் மாறினார்கள். ஆகவே விழாவன்று எழுதிய தாளைத் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். மறுநாள் பத்திரிகையோடு ஒருமுறையும், பத்தாண்டு கழித்து ஒருமுறையும் ஒப்பிடுங்கள்.

நம் தீவிலேயே நவம்பர் 2 அன்று ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் என்ற படித்துறையின் பதினாறு படிகளில் அவர்களுக்கு மலர் வைக்கிறோம். பிப்ரவரி 1 அன்று அடிமை ஒழிப்புக்காக லெ மோர்ன் மலையடிவாரத்தில் மலர் வைக்கிறார்கள். இரண்டு துயரம், இரண்டு விடுமுறை, இரண்டு கூட்டம். இரண்டுக்கும் போய்ப் பாருங்கள். முதல் வரிசையில் உட்காருபவர்கள் இரண்டிலும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான். பின்வரிசை முகங்கள் எவ்வளவு மாறுகின்றன என்பதுதான் குறித்துக்கொள்ள வேண்டியது.

கடைசி வேலை வீட்டில். 1968ஐ நேரில் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'விழா எப்படி இருந்தது?' என்று கேட்காதீர்கள். 'சிறப்பாக நடைபெற்றது' என்றுதான் பதில் வரும். அன்று அடுப்பு எரிந்ததா, கடை திறந்திருந்ததா, பக்கத்து வீட்டார் எங்கே போயிருந்தார்கள், அப்பா வேலைக்குப் போனாரா என்று கேளுங்கள். போன ஆண்டு ஒரு மாணவி தன் பாட்டியிடம் கேட்டு எழுதி வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வானொலி கேட்டார்களாம். தாத்தா முந்தின நாளே ஒரு சிறிய நான்கு பட்டைக் கொடி வாங்கி வந்திருந்தார். தெருவின் நிலவரம் எப்படித் திரும்பும் என்று தெரியாததால், வாசலில் கட்டாமல் அதை மடித்து பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளி வைத்தாராம். டப்பா இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம், பாட்டி அதில் ஊசியும் நூலும் போட்டு வைத்திருக்கிறாராம்.